பொருள்: 'செல் பிராட்காஸ்ட்', 'டெஸ்ட் அலர்ட்' ஆகியவற்றுக்குச் சொல் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பேரிடர் நேரத்தில் ஒரு பகுதியிலுள்ள கைப்பேசிகளுக்கு அபாய ஒலியோடு எச்சரிக்கை அனுப்பும் முறையே 'செல் பிராட்காஸ்ட்'; அதைச் சோதித்துப் பார்க்க அனுப்புவது 'டெஸ்ட் அலர்ட்'. முதலாவதற்கு நம் குழுவில் முன்மொழியப்பட்டுள்ள 'அவசரக் குறுஞ்செய்தி', 'செல் ஒலிபரப்பு' ஆகிய இரண்டு தமிழ்ச் சொற்களையும் ஏற்க எனக்குத் தயக்கமாக உள்ளது. ஒலிபரப்பு என்றதும் வானொலிதான் நினைவுக்கு வரும். குறுஞ்செய்தியோ குறிப்பிட்ட ஓர் எண்ணுக்குப் போவது. இந்த எச்சரிக்கை, ஒரு பகுதியிலுள்ள கைப்பேசிக் கோபுரங்கள் தம் எல்லைக்குள் இயங்கும் கைப்பேசிகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் பரப்புவது. இதை அனுப்ப யாருடைய எண்ணும் தேவையில்லை.

2023 ஏப்ரல் 23 அன்று பிற்பகல் 3 மணியளவில் பிரித்தானியா முழுவதும் இம்முறையைச் சோதித்தபோது, ஏறத்தாழ 10 விநாடிகளுக்குக் கைப்பேசிகள் அபாயச் சங்கு போல ஒலித்து அதிர்ந்தன. அதையொட்டி, தம் எண் அரசின் கைக்குப் போய்விட்டதா, தம் இருப்பிடம் கண்காணிக்கப்படுகிறதா என்று பலர் ஐயுற்றனர். அப்படி எதுவும் திரட்டப்படுவதில்லை என்று அரசு விளக்கம் தர வேண்டியிருந்தது. குறுஞ்செய்தி என்று நாமே பெயரிட்டால் அதே அச்சத்துக்கு நாமே வழிவிட்டவர்களாவோம். கோபுரத்திலுள்ள ஓர் அலைவாங்கியின் (ஆன்டெனாவின்) வீச்செல்லையே இங்கு 'செல்' எனப்படுவதால், நுட்பத்துக்கு 'வட்டாரப் பரப்பல்' என்றும், வந்து சேரும் செய்திக்கு 'வட்டார எச்சரிக்கை' என்றும் முன்மொழிகிறேன்.

'டெஸ்ட்' என்பதற்குச் சோதனை என்பது நேர்ச்சொல்தான். ஆனால் நம் பேச்சில் சோதனை என்றால் துன்பம் என்றும் பொருள், அதிகாரிகள் வீடு புகுந்து தேடுவது என்றும் பொருள். அபாய ஒலி கேட்டுப் பதறியவர் கண்ணில் முதலில் படும் சொல் அதுவாக இருக்கக் கூடாது. 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் இம்முறை சோதிக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். 'வெள்ளோட்டம்' அழகான சொல், ஆயினும் அது முதல் முறைக்கே உரியது. பிரித்தானியா 2025 செப்டம்பர் 7 அன்று இச்சோதனையை மறுபடியும் நடத்தியது. பேரிடர்ப் பயிற்சிகளால் ஊரறிந்த 'ஒத்திகை'யே எத்தனை முறைக்கும் பொருந்தும். 'ஒத்திகை எச்சரிக்கை' என்று அச்சொல் தலைப்பிலேயே முதலில் நிற்க வேண்டும்.

இன்னொன்று, இதுவே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்கள் மறைத்து வைத்திருக்கும் கைப்பேசி, ஒலியடக்கி வைத்திருந்தாலும் அலறிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பிரித்தானியத் தொண்டு நிறுவனங்கள் முன்கூட்டியே எச்சரித்து, கைப்பேசியின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) இந்த எச்சரிக்கையை நிறுத்தி வைக்கும் வழியையும் சொல்லிக்கொடுத்தன. கைப்பேசியின் தமிழ் இடைமுகத்தில் (திரையில் தோன்றும் தமிழ்ச் சொற்களில்) அப்படித் தேடுகிற ஒருத்திக்கு, அறிவிப்பில் படித்த சொல்லே அமைப்புகளின் பட்டியலிலும் எழுத்து மாறாமல் கிடைக்க வேண்டும். அங்குள்ள 'சிவியர்' (கடுமையான), 'எக்ஸ்ட்ரீம்' (மிகக் கடுமையான) என்னும் இரு எச்சரிக்கை நிலைகளுக்கும், புயல் அறிவிப்புகளில் கேட்டுப் பழகிய 'தீவிர', 'அதிதீவிர' என்பவற்றையே கொள்ளலாம். இடைமுகத் தமிழாக்கத்தில் ஈடுபட்டுள்ள நண்பர்கள், இப்போது அங்கு என்ன சொற்கள் உள்ளன என்பதைப் பார்த்து எழுதினால், அவற்றோடு ஒப்பிட்டு நம் சொற்பட்டியலை இறுதி செய்யலாம்.