1819க்கு முன்பே சிங்கப்பூர்த் தீவுக்கு மக்கள் வந்தது ஏன்?

கேள்வி (தெம்பனிஸ் வாசகர்): வயல்வளமோ கனிமமோ இல்லாத சிங்கப்பூருக்கு, பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் 1819இல் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வணிகர்கள் வந்ததற்குப் புவியியல்தான் காரணமா?

மறுமொழி 1: பெரும்பாலும் காற்றுதான். வடகிழக்குப் பருவக்காற்றில் சீனக் கப்பல்கள் தெற்கே இறங்கின. தென்மேற்குப் பருவக்காற்று இந்தியக் கப்பல்களைக் கிழக்கே தள்ளியது. ஊர் திரும்பக் காற்று மாறும்வரை மாதக்கணக்கில் மலாக்கா நீரிணையோரம் தங்கியே தீரவேண்டியிருந்ததால், கிடங்குகளோடு கோயில்களும் குடும்பங்களும் தோன்றின. தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான மலாக்காச் செட்டிகள் இன்றும் வீட்டில் மலாய் பேசுகிறார்கள், பொங்கலும் வைக்கிறார்கள்.

மறுமொழி 2: ஓரளவே உடன்படுகிறேன். அதே காற்று நீரிணையோரத்து மலாக்கா நகருக்கும் வீசியது. ஃபோர்ட் கேனிங் குன்றில் கிடைத்த 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான்கள் இங்கு நடந்த வணிகத்தைக் காட்டினாலும், 15ஆம் நூற்றாண்டில் மலாக்காவே ஓங்கியது. 1819க்குப் பின் சிங்கப்பூரை உயர்த்தியதில் சுங்கவரியற்ற துறைமுகக் கொள்கைக்குப் பெரும் பங்குண்டு. அது மனிதர் எடுத்த முடிவு.

மறுமொழி 3: நீராவிக் கப்பல்கள் காற்றுக்குக் காத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் அவை நிலக்கரி நிரப்பவும் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் நின்றன.