பேயே வராத பேய்ப் படம் இவ்வளவு பயமுறுத்துவது எப்படி?

மந்தைவெளி மாடிவீடு:

போன சனிக்கிழமை ராத்திரி ராபர்ட் வைஸ் இயக்கிய 'தி ஹான்டிங்' (1963) பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம். கூட உட்கார்ந்திருந்த தம்பி, "பேய் எப்பக்கா வரும்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் பாதியிலேயே தூங்கப் போய்விட்டான். பேய் கடைசிவரை வரவில்லை. எனக்குத் தூக்கமும் வரவில்லை.

ஓர் இடம் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பேய் வீடு என்று பேர்பெற்ற மாளிகையில் தங்க வந்த எலினார் இருட்டில் படுத்திருக்கிறாள். சுவருக்கு அப்பால் முணுமுணுப்பு, ஒரு குழந்தையின் அழுகை. பயத்தில் தோழி தியோவின் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். விளக்கு எரிந்ததும் பார்த்தால் தியோ அறையின் அந்தப் பக்கம் இருக்கிறாள். அப்படியென்றால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யார் கை? அன்றைக்கு விடியும்வரை நான் போர்வைக்கு வெளியே கையை நீட்டவில்லை.

ஒரு கோரமான முகம்கூட இல்லாமல் இதை எப்படிச் சாதித்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்பூல்:

அம்மா, நான் வடபழனியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருபத்தாறு வருடம் சவுண்ட் எஃபெக்ட்ஸ் வேலை பார்த்தவன். இந்தப் படத்தில் பேய் என்பதே சத்தம்தான்.

ராத்திரியில் யாரோ சுவரை இடிக்கிற மாதிரி வருமே, அந்தச் சத்தத்தைக் கவனியுங்கள். முதலில் எங்கோ தூரத்தில். அப்புறம் தாழ்வாரம் வழியாக நெருங்கி வந்து, எலினாரும் தியோவும் இருக்கிற அறைக் கதவுக்கு வெளியே நின்றுவிடும். நிற்கிறதே, அந்த நேரம்தான் விஷயம். எங்கள் வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும், காற்று, நாய் ஊளை, கதவு கிறீச்சிடுவது என்று எதையாவது போட்டு நிரப்பிவிடுவார்கள். வைஸ் சும்மா விட்டார். சும்மா விடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது ஆர்.ஆர். (ரீரெக்கார்டிங், படத்துக்குப் பின்னணி இசையும் சத்தமும் சேர்க்கிற வேலை) நேரத்தில் தயாரிப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. சத்தங்களை முன்கூட்டியே பதிவு செய்துவைத்து, படப்பிடிப்பில் நடிகர்கள் காதில் விழும்படி ஓடவிட்டார்கள். அதனால்தான் எலினாராக நடித்த ஜூலி ஹாரிஸ் திடுக்கிடுவது உடம்பிலிருந்து வருகிறது. எதிரே வெறும் சுவரை வைத்துக்கொண்டு பயப்படச் சொன்னால், எவ்வளவு நல்ல நடிகையானாலும் மூச்சு ஒரு நொடி பிந்தித்தான் மாறும்.

கூடத்தில் பெரிய மரக்கதவு ஒன்று உள்பக்கமாகப் புடைத்து வருமே, மூச்சு வாங்குகிற நெஞ்சு மாதிரி? பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்த கதவு அது. பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ளினார், அவ்வளவுதான். 1999-ல் இதையே மறுபடி எடுத்து, கிராஃபிக்ஸில் எல்லாவற்றையும் காட்டினார்கள். பார்த்தேன், ஒரு காட்சிகூட மனதில் நிற்கவில்லை.

நிழல்வெளிச்சம்:

ஐயா சத்தத்தைச் சொல்லிவிட்டார், நான் வெளிச்சத்தைச் சொல்கிறேன். வைஸ் 1961-லேயே 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யைக் கலரில் எடுத்தவர். இதற்குக் கறுப்பு வெள்ளையை வேண்டுமென்றே வைத்துக்கொண்டார். வெளியே தெரிகிற மாளிகை இங்கிலாந்தில் உள்ள எட்டிங்டன் பார்க். அதை இன்ஃப்ராரெட் ஃபிலிமில் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பதிகிற ஃபிலிம்) எடுத்ததால் கல்லின் கோடுகள் நரம்பு மாதிரி எழும்பித் தெரியும்.

அதே 1963-ல் நம் ஊரில் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' வந்தது, வின்சென்ட் ஒளிப்பதிவில். அந்தப் பாழடைந்த மாளிகையை மறுபடி பாருங்கள். தலைப்புப் பாட்டு ஆரம்பித்தாலே எனக்கு இன்றும் முதுகு சிலிர்க்கும். அடுத்த வருடமே வின்சென்ட் மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' இயக்கினார். அதுவும் ஒரு பேய் வீட்டுக் கதைதான்.

மந்தைவெளி மாடிவீடு:

இருவருக்கும் ரொம்ப நன்றி. நேற்று கடைசிப் பறக்கும் ரயில் போனபிறகு மறுபடி போட்டேன், தம்பியையும் விடாமல் உட்காரவைத்து. இடிக்கிற சத்தம் நின்றதும் கதவுக் குமிழ் மெதுவாகத் திரும்புகிறது. முதல் தடவை அதை நான் கவனிக்கவே இல்லை. வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான். தம்பி ரிமோட்டைத் தேடிக்கொண்டே, "சவுண்டைக் கொஞ்சம் குறைக்கா" என்றான். அந்த இடத்தில் படத்தில் சத்தமே இல்லை.