12 பக்கச் சித்திரக்கதை, 3 பக்கம் ஏற்கெனவே இன்ஸ்டாவில். இணைய இதழுக்கு அனுப்பலாமா?

உப்புக்கோடு எழுதியது:

வணக்கம். தூத்துக்குடி உப்பளத்தில் முப்பது வருடம் உப்பு வாரிய என் பெரியம்மாவைப் பற்றி 12 பக்கத்தில் ஒரு காமிக்ஸ் வரைந்திருக்கிறேன். கதையும் படமும் நானேதான். ஏ4 தாள், இந்தியன் இங்க், நிழலுக்கு அதே மையைத் தண்ணீரில் கரைத்துப் பூசியது, வேறு நிறம் கிடையாது. ஒரு இணைய இதழ் சித்திரக்கதைக்கென்று சிறப்பிதழ் கொண்டுவருகிறது, "வேறெங்கும் வெளிவராத சொந்தப் படைப்பு" கேட்கிறார்கள். நான் போன வருடம் ஆர்வக்கோளாறில் முதல் 3 பக்கங்களை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டேன். மொத்தம் நாற்பது லைக், அதில் பாதி சொந்தக்காரர்கள். இதுவும் வெளியீடு ஆகிவிடுமா? பேசாமல் அழித்துவிட்டு அனுப்பிவிடலாமா?

அப்புறம், படிவத்தில் "அனைத்து உரிமைகளும் இதழுக்கே" என்று ஒரு வரி இருக்கிறது, சன்மானம் பற்றிப் பேச்சே இல்லை. பின்னால் இதைப் புத்தகமாகப் போட ஆசை இருப்பதால் பயமாக இருக்கிறது.

இன்னொன்று, ஸ்கேன் செய்தால் உப்பு காணாமல் போகிறது. நிஜமாகத்தான் சொல்கிறேன். பாத்தியிலும் அம்பாரத்திலும் மெல்லிய சாம்பல் பூசியிருக்கிறேன், வெயில் பட்டுக் கண் கூசுகிற மாதிரி தெரியட்டும் என்று. கடையில் ஸ்கேன் போட்டுக் கொடுத்ததில் அந்த இடமெல்லாம் வெறும் வெள்ளை. வசனப் பலூன்களும் இன்னும் காலி, வசனத்தைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்.

மைக்கூடு எழுதியது:

ஸ்கேன் மட்டும் சொல்கிறேன். கடைக்காரர் ஆவணம் ஸ்கேன் செய்யும் முறையில் போட்டிருப்பார். தாளின் பின்னணியைத் தானே வெளுக்கும் முறை அது, ரேஷன் கார்டுக்கு நல்லது, உங்கள் உப்புக்கு எமன். போட்டோ முறை, கிரேஸ்கேல், 600 டிபிஐ, தானியங்கித் திருத்தம் எல்லாம் அணைத்து, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாகக் கேளுங்கள். ஒரு ஏ4 பக்கம் 4960க்கு 7016 பிக்சல், சுமார் 35 எம்பி வரும், பென் டிரைவ் கொண்டுபோங்கள். அதே தாளில் ஒரு துண்டு வெட்டி, மிக மெல்லியதிலிருந்து கருப்பு வரை அஞ்சாறு படியாகப் பூசி, அதையும் கூடவே ஸ்கேன் போடுங்கள். பட மென்பொருளில் லெவல்ஸ் என்கிற வெளிச்சத் திருத்தத்தில் வெள்ளையை இழுக்கும்போது எந்தப் படி சாகிறது என்று அந்தத் துண்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தாள் கொஞ்சம் மங்கலாகவே இருந்தாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள். எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் சின்னதாக்க வேண்டும், நடுவில் ஜேபெக்கில் திரும்பத் திரும்பச் சேமித்தால் அந்தச் சாம்பல் திட்டுத்திட்டாகிவிடும்.

படிதாண்டி எழுதியது:

உரிமை பற்றி நான் சொல்கிறேன், பட்டவன் என்கிற முறையில். சில வருடங்களுக்கு முன் ஒரு தளத்துக்கு 20 பக்கம் கொடுத்தேன், "அனைத்து உரிமைகளும், நிரந்தரமாக" என்று இருந்த தாளில் படிக்காமல் கையெழுத்து. இரண்டே வருடத்தில் தளத்தை மூடிவிட்டார்கள். இப்போது ஒரு பதிப்பாளர் அதைக் கேட்கிறார், அவர்களிடமிருந்து தடையில்லாக் கடிதம் வேண்டும் என்கிறார், நான் அனுப்பும் மெயில் எல்லாம் திரும்பி வருகிறது. என் படம், என் கதை, நானே போட முடியவில்லை.

பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19ஐ ஒருதரம் படியுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலம் என்று எழுதவில்லை என்றால் 5 வருடம் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும், எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தம் வேறுமாதிரி சொன்னால் ஒழிய, உரிமை காலாவதி. ராயல்டியோ வேறு பலனோ எவ்வளவு என்று அதில் குறிப்பிட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது, ஆகவே சன்மானம் பற்றிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். கால அளவு போடாமல் வெறும் "அனைத்து உரிமைகளும்" என்றிருந்தால் வானம் இடிந்து விழாது. "நிரந்தரமாக" என்ற சொல் இருந்தால்தான் என் கதி.

"முதல் இணைய வெளியீட்டு உரிமை இதழுக்கு, ஆறு மாதம் வேறெங்கும் தரமாட்டேன், அதன்பின் அச்சு உட்பட எல்லாம் எனக்கு, உங்கள் தளத்தில் தொடர்ந்து இருக்கலாம்" என்று மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த வரியை எங்கிருந்தோ நகல் எடுத்துப் போட்டிருப்பார்கள், கேட்டால் மாற்றுவார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் (மற்றவர்களும் பயன்படுத்த அனுமதிக்கும் பொது உரிமம்) என்று போட்டிருந்தால் எந்த வகை என்றும் பாருங்கள். பெயர் போட்டால் போதும் என்கிற வகையில் வெளிவந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம், பிறகு திரும்பப் பெற முடியாது.

கத்தரிக்கோல் எழுதியது:

நான் ஒரு சின்ன இணைய இதழுக்குப் படைப்புகள் படிப்பவன் (நீங்கள் சொல்லும் இதழ் இல்லை, சத்தியமாக). இன்ஸ்டா விஷயத்தை அழித்துவிட்டு மறைக்காதீர்கள். படத்தைப் போட்டுத் தேடினால் யாரோ பகிர்ந்த பிரதி கண்ணில் பட்டுவிடும், அப்போது எங்களுக்கு வரும் கோபம் 3 பக்கத்துக்காக அல்ல, சொல்லாமல் விட்டதற்காக. மெயிலில் ஒரு வரி போதும்: முதல் 3 பக்கம் இன்ன மாதம் என் கணக்கில் வந்தது, மீதி 9 புதியது. எங்களிடம் வந்தால் எடுத்துக்கொள்வோம். முழுக்கதையும் போட்டிருந்தால்தான் யோசிப்போம். ஒவ்வொரு இதழும் ஒரு மாதிரி.

முதலில் 35 எம்பி கோப்புகளை அனுப்பி மெயில்பெட்டியை அடைக்காதீர்கள். 12 பக்கத்தையும் ஒரே பிடிஎஃப், 5 எம்பிக்குள். தேர்வான பிறகு பெரிய கோப்பு. வாட்ஸப்பில் படமாக அனுப்பவே வேண்டாம், அது நசுக்கித்தான் தரும்.

நான் திருப்பி அனுப்பும் சித்திரக்கதைகளில் பாதி படம் சரியில்லாததால் அல்ல, படிக்க முடியாததால். ஏ4 பக்கம் கைபேசியில் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிடும், உங்கள் எழுத்து எறும்பாகிவிடும். பலூனில் எழுதி முடித்ததும் ஒரு பக்கத்தைப் போனில் திறந்து, பெரிதாக்காமல், பஸ்ஸில் நின்றுகொண்டு படித்துப் பாருங்கள்.

பாமினியை விட்டுவிடுங்கள் தயவுசெய்து. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் பெரியம்மா ஆங்கில எழுத்துகளாகப் பேசுவார். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வையுங்கள். பார்வையற்ற வாசகருக்காகப் படத்துக்கு மாற்று உரை கேட்கும் இதழ்களும் இருக்கின்றன, அதற்கும் யூனிகோடுதான் உதவும். பழைய போட்டோஷாப் பதிப்பில் ஒட்டும்போது கொம்பு தனி, ககரம் தனி, கால் தனி என்று "கொ" உடைந்தால் பயப்படாதீர்கள், எழுத்து அமைப்பில் வேர்ல்ட் ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சேர்ந்துகொள்ளும். இங்க்ஸ்கேப் என்கிற இலவச வரைகலை மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை. எழுத்துரு வேண்டுமென்றால் கவிவனார் கொஞ்சம் கையெழுத்து போல இருக்கும், இலவசம், உரிமச் சிக்கலும் கிடையாது. வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள், மேல்வரி உகரச் சுழியும் கீழ்வரி இகரக் கொக்கியும் முட்டிக்கொள்ளும். "சொல்லிக்கொண்டிருக்கிறாயா" என்று ஒரே சொல் பலூனை அடைத்தால் "சொல்லிக்கிட்டிருக்கியா" என்று பேச்சிலேயே எழுதுங்கள். உப்பளத்தில் யாரும் இலக்கணம் பேசப்போவதில்லை.

மைக்கூடு எழுதியது:

கையாலேயே எழுதலாமே? அந்த மை வேலைக்கு எந்த எழுத்துருவும் ஒட்டாது என்று தோன்றுகிறது. எழுத்துப்பிழையைத் திருத்துவது கஷ்டம், அது உண்மைதான். தனித் தாளில் எழுதி ஸ்கேன் செய்து மேலே வையுங்கள், மூலப்படம் தப்பிக்கும்.

உப்புக்கோடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படிதாண்டி அண்ணாச்சி சொன்ன வரியை அப்படியே அனுப்பினேன், இன்ஸ்டா விவரத்தையும் எழுதினேன். ஆறு மாதத்துக்கு ஒத்துக்கொண்டார்கள், "நிரந்தரமாக" அவர்கள் தாளில் இல்லை. சன்மானம் கிடையாதாம், சரி. போட்டோ முறையில் ஸ்கேன் போட்டதில் உப்பு திரும்ப வந்துவிட்டது. வசனத்தைக் கையாலேயே எழுதப் போகிறேன்.

ஆனால் இந்த வாரம் அனுப்ப முடியாது. அச்செடுத்ததைப் பெரியம்மாவிடம் காட்டினேன். ஏழாம் பக்கத்தைப் பார்த்ததும், "ஏட்டி, உப்ப யாரு இப்படித் தள்ளுவா? வரப்புப் பக்கமா இழுக்கணும்" என்றார். வீட்டு வாசலைப் பெருக்குகிற மாதிரி வரைந்து வைத்திருக்கிறேன், நாலு கட்டம். எழுந்து நின்று விளக்குமாற்றை வைத்துச் செய்து காட்டினார், போனில் படம் எடுத்துக்கொண்டேன். கடைசித் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.