கணவருக்குக் கடன் பேர் கெட்டிருந்தா லீஸ் யார் பேர்ல?

மோபெனி அக்கா:
நேத்து மிட்ராண்ட் கார்த்தி எழுதினதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. இங்க தென்னாப்பிரிக்காவுல, வெருலம் பொண்ணு ஒருத்தி கேட்டிருந்தா: எனக்குக் கடன் பேர், அதான் கடனை ஒழுங்காக் கட்டினோமாங்கற பதிவு, நல்லா இருக்கு, கணவருக்குப் பழைய கார் கடன்ல கெட்டுப்போச்சு, ஏஜென்ட் இல்லாம நேரா ஓனர்கிட்ட வீடு எடுக்க வழி உண்டான்னு. அதுக்கு இவர் சொன்ன பதில்: "லீஸ் உங்க பேர்ல மட்டும் போடுங்க, கணவரைப் பத்தி ஓனர்கிட்ட மூச்சு விடாதீங்க."

இதே மாதிரி மூச்சு விடாம ஒரு நர்ஸ் அம்மா நான் வாடகைக்கு விடற அவுட்பில்டிங்குக்கு, அதான் என் வளவுல இருக்கற தனிக் கட்டடத்துக்கு, குடி வந்தாங்க. பேஸ்லிப், மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் சுத்தம். ஒருநாள் காலையில கேட்ல கோர்ட் ஷெரிஃப், கடனுக்கு சாமானை ஜப்தி பண்றவர். கணவர் பேர்ல ஜட்ஜ்மென்ட், கடனைக் கட்டணும்னு கோர்ட் தீர்ப்பு. உள்ளே போய் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவின்னு ஒண்ணொண்ணா லிஸ்ட்ல எழுதினார். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் என்னுது! நான் வாங்கிப் போட்டு வாடகைக்கு விட்டது. மங்கிப்போன ரசீதைத் தேடி எடுத்து, அது என் சாமான்னு நிரூபிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கணவர் பேர் லீஸ்ல இருக்கணும்.

மிட்ராண்ட் கார்த்தி:
அந்த நர்ஸ் அம்மா வாடகை பாக்கி வெச்சாங்களா இல்லையா? அதை மட்டும் எழுதாம விட்டுட்டீங்களே. சம்பாதிக்கிறது மனைவி, கட்டுறது மனைவி, கையெழுத்தும் மனைவி. கணவர் பேர் எதுக்கு? பேரைக் குடுத்தா ஐடிசி, அதான் கடன் ரிப்போர்ட், பார்ப்பீங்க. பார்த்த அரைமணி நேரத்துல "சாரி, வீடு போயிடுச்சு"ன்னு மெசேஜ் வரும். ரெண்டு வாரம் கழிச்சும் அதே வீட்டு விளம்பரம் அங்கேயேதான் இருக்கும்.

மோபெனி அக்கா:
பாக்கி வெக்கல. நான் அதைச் சொல்லவே இல்லையே. என் வீட்டுக்குள்ள யார் தூங்குறாங்கன்னு எனக்குத் தெரியணும். பேர் லீஸ்ல இருக்கணும்.

லெனேசியா வாத்தியார்:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். குடியிருக்கறவர்னு லீஸ்ல பேரைக் குறிக்கிறது வேற, வாடகைதாரரா கையெழுத்துப் போடறது வேற. சேர்ந்து கையெழுத்துப் போட்டா முழு வாடகைக்கும் ஒவ்வொருத்தரும் பொறுப்புன்னு லீஸ்ல எழுதிடுவாங்க. நீங்க எதைச் சொல்றீங்க?

மிட்ராண்ட் கார்த்தி:
பேர் வேணாம்னு சொல்றேன். இதுல என்ன குழப்பம்? சம்மதம் வாங்காம யாரோட கடன் விவரத்தையும் ஓனர் பார்க்க முடியாது, தனிநபர் தகவலைப் பாதுகாக்கற போபியா சட்டம் இருக்கு. வாடகைக்குக் கையெழுத்தே போடாத மனுஷனோட கடனை நீங்க ஏன் கிளறணும்?

மோபெனி அக்கா:
இந்த ஊர்ல ஏஎன்சி, அதான் கல்யாணத்துக்கு முன்னாடி போடற சொத்து ஒப்பந்தம், எழுதாம கல்யாணம் பண்ணினா இன் கம்யூனிட்டி ஆஃப் ப்ராபர்ட்டி, சொத்தும் கடனும் ரெண்டு பேருக்கும் பொது. அவர் கடன் அவளுக்கும் கடன், அவ சம்பளம் அவருக்கும் சம்பளம். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் நான் சாவியைக் குடுக்கறேன். அப்ப பேர் இருக்கணுமா வேணாமா?

மிட்ராண்ட் கார்த்தி:
எல்லாருக்கும் அப்படி இல்லைங்க. எனக்குக் கல்யாணம் ஆனது மதுரையில. கல்யாணத்தப்போ கணவரோட நிரந்தர வசிப்பிடம் எந்த நாடோ, அந்த நாட்டுச் சட்டம்தான் சொத்துக்கு. இந்தியாவுல அவங்கவங்க சொத்து அவங்கவங்களுக்கு. நாலு தலைமுறையா இங்க இருக்கீங்க, இதுகூடத் தெரியலையே.

மோபெனி அக்கா:
தம்பி, வார்த்தையை அளந்து பேசு. 1860-ல இந்தியாவுல இருந்து ஆளுங்களை ஏத்திக்கிட்டு ட்ரூரோ கப்பல் நேட்டால்ல வந்து நின்னதுல இருந்து நாங்க இங்க இருக்கோம். எங்க ஆயாவை, இனவாரியா குடியிருப்பைப் பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்துல கேட்டோ மேனர்ல இருந்து கிளப்பி சாட்ஸ்வர்த்துல கொண்டு வந்து இறக்கினாங்க. வீடு கிடைக்காம நிக்கறது எப்படி இருக்கும்னு எனக்கு நீ பாடம் எடுக்காதே. கேட்டது வெருலம் பொண்ணு, மதுரைப் பொண்ணு இல்ல.

ஃபீனிக்ஸ்காரன்:
கப்பல் கதை இருக்கட்டும் அக்கா. போன வருஷம் நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. டெபாசிட்டை வட்டி வர்ற கணக்குல போட்டு வெக்கணும், வாடகைதாரர் கேட்டா அத்தாட்சி காட்டணும்னு 1999 ரெண்டல் ஹவுசிங் சட்டம் சொல்லுது. உங்க வீட்டுல குடியிருந்தப்ப நீங்க என்கிட்ட வாங்கின டெபாசிட் எங்க இருக்கு?

மோபெனி அக்கா:
அது இங்க பேச்சில்ல.

ஃபீனிக்ஸ்காரன்:
ஏன் இல்ல? ஐடிசி சரியில்லைன்னா ரெண்டு மாச டெபாசிட், மூணு மாச டெபாசிட்னு கேக்கறதே உங்களை மாதிரி ஓனருங்கதானே. டெபாசிட்டுக்கு உச்சவரம்பு இல்லைங்கற தைரியம். பாக்கியோ சேதமோ இல்லைன்னா 7 நாள்ல திருப்பணும். சேதம் இருந்தா சரி பண்ணிட்டு 14 நாள்ல மிச்சத்தைக் குடுக்கணும். யார் குடுக்கறாங்க?

மோபெனி அக்கா:
நான் குடுப்பேன். சுவர்ல ஓட்டை போட்டவங்களுக்குக் கழிச்சுட்டுக் குடுப்பேன். ஓட்டை போட்டது யாருன்னு உனக்கே தெரியும்.

ஃபீனிக்ஸ்காரன்:
குடிவரும்போது ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டைப் பார்த்து எழுதியிருந்தா அந்த ஓட்டை முன்னாடியே இருந்ததுன்னு தெரிஞ்சிருக்கும். நீங்கதான் அதைச் செய்யவே இல்ல.

வெருலம் பொண்ணு:
கேட்டது நான்தான். எங்க கல்யாணம் கோயில்ல நடந்தது, ஹோம் அஃபேர்ஸ்ல இன்னும் பதியல. அப்ப இன் கம்யூனிட்டி எங்களுக்கு வருமா? முதல் தேதிக்குள்ள வீடு வேணும்.

லெனேசியா வாத்தியார்:
பதிவு அதிகாரி இல்லாம சடங்கு மட்டும் நடந்திருந்தா அது தானா வராதும்மா. கணவரை முதல்ல அவரோட கடன் ரிப்போர்ட்டை எடுக்கச் சொல்லு, வருஷத்துக்கு ஒண்ணு இலவசம். வெறும் டிஃபால்ட், அதான் தவணை தவறின குறிப்பு மட்டும்னா, ஒரு வருஷத்துல ரிப்போர்ட்ல இருந்து விழுந்துடும். ஜட்ஜ்மென்ட்னா 5 வருஷம் நிக்கும், கட்டி முடிச்சா முன்னாடியே நீக்கச் சொல்லலாம். கட்டினதுக்குப் பேப்பர் கையில இருக்கட்டும்.

மோபெனி அக்கா:
பதியலைன்னா எனக்கு இன்னும் பயம்தான். நாளைக்கு அவர் கிளம்பிப் போயிட்டா? இப்ப வீடு தேடுற நேரத்துல இதையெல்லாம் யோசிக்கணும். அதுக்குத்தான் சொல்றேன், பேர் லீஸ்ல இருக்கணும்.

வெருலம் பொண்ணு:
அக்கா, என் தாலியைப் பத்தி நீங்க பேச வேணாம்.

மிட்ராண்ட் கார்த்தி:
பார்த்தீங்களா? வீடு கேட்டா கல்யாணத்தையே சந்தேகப்படறாங்க. இதுக்குத்தான் மூச்சு விடாதீங்கன்னு சொன்னேன். தங்கச்சி, உங்க பேர்ல மட்டும் போடுங்க.

மோபெனி அக்கா:
போடட்டும். ஏஎன்சி எழுதித் தனித்தனிச் சொத்தா இருந்தாலும், குடும்பத்துக்கு அத்தியாவசியமான செலவுக்கு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பொறுப்புன்னு 1984 மேட்ரிமோனியல் ப்ராபர்ட்டி சட்டத்துல 23-ம் பிரிவு இருக்கு. குடியிருக்கற வீட்டு வாடகையை விட அத்தியாவசியம் எது? அந்தப் பொண்ணு என்கிட்ட நேரா வந்து, "அக்கா, இவருக்கு இப்படி ஆச்சு, இந்தாங்க கட்டி முடிச்ச பேப்பர், இது பழைய ஓனர் குடுத்த லெட்டர்"னு சொன்னா நான் கதவைச் சாத்தப் போறதில்ல. மறைச்சு வர்றதுதான் எனக்கு ஆகாது. பேர் இருக்கணும்.

மிட்ராண்ட் கார்த்தி:
கதவைச் சாத்த மாட்டேன்னு எழுதறது சுலபம். அப்படி உண்மையைச் சொல்லி உங்ககிட்ட வீடு வாங்கின ஒருத்தரைச் சொல்லுங்க பார்ப்போம்.

மோபெனி அக்கா:
என் வாடகைதாரர் பேரை இங்க எழுத நான் என்ன போபியா தெரியாதவளா?

லெனேசியா வாத்தியார்:
நான் ஆரம்பத்துல கேட்டது அப்படியே கிடக்கு. குடியிருக்கறவரா, கையெழுத்துப் போடறவரா?

மிட்ராண்ட் கார்த்தி:
ரெண்டும் வேணாம் சார்.

மோபெனி அக்கா:
பேர் வேணும். கோர்ட் ஆர்டர் இல்லாம யாரையும் காலி பண்ண முடியாது, ஆளைக் காலி பண்றதுக்கு விதி சொல்ற பை சட்டம் இருக்கு. லைட்டைக்கூட வெட்டக் கூடாது. உள்ளே விட்டப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல. அதனால விடறதுக்கு முன்னாடியே கேக்கறேன், கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்.

ஃபீனிக்ஸ்காரன்:
நானும் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். டெபாசிட் எங்க? பதில் வரலைன்னா ரெண்டல் ஹவுசிங் ட்ரிப்யூனல்ல எழுதிக் குடுப்பேன், அங்க ஒரு சென்ட்கூடக் கட்ட வேண்டியதில்ல.

மோபெனி அக்கா:
குடு. ஓட்டை போட்ட சுவரோட போட்டோ என்கிட்ட இருக்கு.