சரியாக இருப்பது ஒன்று, சரிப்பட்டு வருவது வேறு: வாலிடேஷனுக்கு ஒரு தமிழ்ச் சொல்

காரைக்குடியிலிருந்து

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கேட்டபடி செய்திருக்கிறதா என்று பார்ப்பது வெரிஃபிகேஷன், பயன்படும் இடத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது வாலிடேஷன். இரண்டுக்குமே 'சரிபார்ப்பு' என்று போட்டுவிடலாம், இடம் பார்த்துப் படிப்பவர் புரிந்துகொள்வார் என்று இங்கே மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காரணத்தைச் சொல்ல, போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்கு, தண்ணீர் மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்தும் கருவி ஒன்றை நானும் நண்பர் ஒருவரும் செய்து கொடுத்தோம். மேல்தொட்டியில் ஒரு மிதவை. தண்ணீர் இறங்கினால் மிதவையும் இறங்கும், மோட்டார் ஓடும். தொட்டி நிறைந்தால் மிதவை ஏறும், மோட்டார் நிற்கும். என்னென்ன வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். வேலை முடிந்ததும் தாளில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். தொட்டியை இருபது தடவை நிரப்பி, இருபது தடவை இறக்கினோம். கரண்ட் போய் வந்தால் என்ன ஆகிறது, கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டார் நிற்கிறதா, எல்லாம் பார்த்தோம். எழுதியபடியே நடந்தது. டிக் அடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். குடும்பம் சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கும், வீடு பூட்டிக் கிடக்கும். கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்று வந்தால்தான் திறப்பார்கள். அந்த வீட்டையும் தொட்டி நிறையத் தண்ணீரோடு பூட்டிவிட்டுப் போனார்கள். பத்து மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்குத் திறந்தபோது, கசிந்தும் காய்ந்தும் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. மிதவை மட்டும் உப்புப் படிந்து மேலேயே இறுகி நின்றது. கருவியின் கணக்கில் தொட்டி நிறைந்திருக்கிறது, அதனால் மோட்டார் ஓடவில்லை. கையால் போட ஒரு சுவிட்சும் நாங்கள் வைக்கவில்லை. தாளில் அது இல்லையே! முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, இருநூறு பேர் வந்து இறங்கிய வீட்டில் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீர் வந்து சேர நள்ளிரவு தாண்டிவிட்டது.

அந்த வீட்டு ஆச்சி எங்களைத் திட்டவில்லை. "நீங்க செஞ்சது சரியாத்தான் இருக்குப்பா. ஆனா எங்க வீட்டுக்குச் சரிப்பட்டு வரலையே" என்றார். அந்த வாக்கியம் அன்றிலிருந்து என்னோடேயே இருக்கிறது. சரியாக இருப்பது ஒன்று, சரிப்பட்டு வருவது வேறு. பேச்சுத் தமிழ் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. கலைச்சொல் செய்கிற நாம் எதற்காக ஒன்றாக்க வேண்டும்?

தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9000-இல் இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வரையறையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: புறச்சான்று காட்டி உறுதிப்படுத்துவது. எதை உறுதிப்படுத்துகிறோம் என்பதில்தான் பிரியும். குறிப்பிட்ட தேவைகள் நிறைவேறினவா என்று பார்ப்பது வெரிஃபிகேஷன். குறிப்பிட்ட பயன்பாட்டுக்கான தேவைகள் நிறைவேறினவா என்று பார்ப்பது வாலிடேஷன். மென்பொருள் பொறியியலில் பேரி போயம் 1979-லேயே இதை இரண்டு கேள்விகளாக வைத்தார். பொருளைச் சரியாகச் செய்கிறோமா? சரியான பொருளைத்தான் செய்கிறோமா? முதல் கேள்விக்குத் தாள் பதில் சொல்லும். இரண்டாவதற்கு அந்தப் பூட்டிக் கிடந்த வீடுதான் பதில் சொல்ல முடியும்.

இரண்டையும் குழப்பியதால் வந்த விலைக்கு உலகறிந்த சாட்சி ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து முதல் தடவை கிளம்பிய அந்த ராக்கெட், ஒரு நிமிடம்கூட ஆகாமல் வானத்திலேயே சிதறியது. அதன் திசைகாட்டும் அமைப்பின் மென்பொருள் ஏரியன் 4-இலிருந்து வந்தது. அங்கே பல தடவை பறந்து, ஒழுங்காக வேலை செய்தது. ஏரியன் 4-இன் தேவைகளோடு ஒப்பிட்டால் குறையே இல்லை. ஆனால் ஏரியன் 5-இன் பாதை வேறு, கிடைமட்ட வேகம் அதிகம். 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்கு மாற்றும் இடத்தில், 32,767-க்கு மேல் கொள்ளாத அந்தச் சின்ன இடம் நிரம்பி வழிந்தது. ஒன்று பழுதானால் கைகொடுக்க வைத்திருந்த இன்னொரு அமைப்பிலும் அதே மென்பொருள்தான், அதனால் அதுவும் கூடவே விழுந்தது. ஏரியன் 5-இன் உண்மையான பாதையை வைத்து அந்த அமைப்பைத் தரையிலேயே ஓட்டிப் பார்க்கவில்லை என்று விசாரணைக் குழு எழுதியது. பழைய ராக்கெட்டுக்குச் சரியாக இருந்தது, புதிய ராக்கெட்டுக்குச் சரிப்பட்டு வரவில்லை. ஆச்சி சொன்னதேதான்.

சரி, இப்போது சொல்லுக்கு வருகிறேன். வெரிஃபிகேஷனுக்குச் 'சரிபார்ப்பு' நன்றாக நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். வாலிடேஷனுக்கு இதுவரை வந்தவற்றில் 'செல்லுபடியாக்கல்' எனக்குப் பொருந்தவில்லை. செல்லுபடி என்பது நோட்டுக்கும் டிக்கெட்டுக்கும் உரிமத்துக்கும் உள்ளது. ஒருவர் அறிவித்தால் செல்லும், திரும்பப் பெற்றால் செல்லாது. ஒரு மோட்டார் கருவியை அப்படி அறிவித்துச் செல்லுபடியாக்க முடியாது. ஈழத்தில் எழுதுகிற 'வலிதாக்கல்' குறுகியது, அழகானது. ஆனால் அதுவும் சட்டத்தின் பக்கமே சாய்கிறது. களத்தில் உறுதிசெய்வது என்ற பொருளில் ஒருவர் 'களவுறுதி' என்றார். கருத்து மிகச் சரி, புணர்ச்சியும் சரி. ஆனால் படிப்பவர் கண்ணில் களவுதான் முதலில் படும். 'பயனுறுதி' காப்பீட்டுத் திட்டத்தின் பெயர்போல ஒலிக்கிறது. ஆராய்வதைத் தேர்தல், ஆராய்ந்து நம்புவதைத் தெளிதல் என்று குறள் இரண்டாகப் பிரிக்கிறதே என்றும் நினைத்துப் பார்த்தேன். தேர்தல் இன்று வாக்குச்சாவடிக்குப் போய்விட்டது, மீட்க முடியாது.

நான் முன்வைப்பது தகுதிகாணல்.

இது நான் உண்டாக்கிய சொல்லும் அல்ல. அரசு வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் இரண்டு கட்டங்களைத் தாண்டுகிறார்கள். முதலில் சான்றிதழ் சரிபார்ப்பு. மதிப்பெண், சாதிச் சான்று, பிறந்த தேதி எல்லாம் அறிவிப்பில் கேட்டபடி இருக்கின்றனவா என்று தாளைத் தாளோடு ஒப்பிடுவார்கள். அதில் தேறி வேலையில் சேர்ந்த பிறகுதான் தகுதிகாண் பருவம். அந்த நாற்காலியில், அந்த மக்களோடு, அந்தக் கோப்புகளோடு இவர் வேலை செய்கிறாரா என்று பார்ப்பார்கள். சரிபார்ப்பும் தகுதிகாண்பதும் ஏற்கனவே நம் ஆட்சித் தமிழில் அடுத்தடுத்து, சரியான வரிசையில், சரியான பொருளில் இருக்கின்றன. கிராமத்தில் பத்தாவது படித்தவருக்கும் இந்த இரண்டின் வேறுபாடு தெரியும். பொறியியலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

வாக்கியத்தில் வளைகிறதா என்றும் பார்த்தேன். 'இந்தப் பதிப்பு சரிபார்த்தது, ஆனால் இன்னும் தகுதிகாணாதது.' 'தகுதிகாண் அறிக்கை எப்போது வரும்?' 'மழைக்காலத்தில் தகுதிகண்ட பிறகே விற்பனைக்கு அனுப்புங்கள்.' நாக்கில் தடையில்லை. 'செல்லுபடியாக்கப்படாத பதிப்பு' என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

கருத்தை எழுதுங்கள். மறுப்பை முக்கியமாக எழுதுங்கள்.

தேவகோட்டையிலிருந்து மறுமொழி

தம்பிக்கு,

நல்ல மடல். அந்தச் சான்றிதழ் சரிபார்ப்பு உவமையைப் படித்ததும் இது இத்தனை நாள் நம் கண்ணில் படவில்லையே என்று தோன்றியது. ஆனாலும் மூன்று இடங்களில் எனக்குத் தடை இருக்கிறது.

ஒன்று, நான் மருந்துத் தொழிற்சாலைத் தரப்பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவள். அங்கே இயந்திரம் வேலைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் குவாலிஃபிகேஷன் என்று தனியாக ஒன்று உண்டு. அதற்குத்தான் 'தகுதி' இயல்பாக வரும். நீ அதை வாலிடேஷனுக்குக் கொடுத்துவிட்டால் நாங்கள் எங்கே போவது?

இரண்டாவது, கணினிப் படிவங்களில் தொலைபேசி எண்ணுக்குப் பத்து இலக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதையும் வாலிடேஷன் என்றுதான் சொல்கிறார்கள். அதையும் தகுதிகாணல் என்பாயா?

அப்புறம், தமிழில் ஏற்கனவே 'வெள்ளோட்டம்' இருக்கிறதே. புதுத் தேர் செய்தால் சாமியை ஏற்றுவதற்கு முன்னால் நான்கு வீதியும் இழுத்துப் பார்க்கிறோம். இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

காரைக்குடியிலிருந்து

அக்கா, வணக்கம். வெள்ளோட்டத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எனக்கும் அந்தச் சொல்லின் மேல் அவ்வளவு ஆசை.

தேர் செய்கிற இடத்தில் ஆசாரி சக்கரத்தின் விட்டத்தையும் அச்சின் நீளத்தையும் முழக்கோல் வைத்து அளப்பார். அது சரிபார்ப்பு. வெள்ளோட்டத்தில் தேர் உண்மையான வீதியில், உண்மையான வடத்தோடு, உண்மையான மூலையில் திரும்புகிறது. முட்டுக்கட்டை போடுபவர்களுக்கும் தேரின் போக்கு அன்றுதான் பிடிபடுகிறது. எந்த மூலையில் மின்கம்பி தாழ்ந்திருக்கிறது, எங்கே தரை இறங்கியிருக்கிறது என்பதை எந்தத் தாளும் சொல்லாது, வீதிதான் சொல்லும். ஆனால் சாமி ஏறியிருக்காது, திருவிழாக் கூட்டமும் இருக்காது. ஆகவே வெள்ளோட்டம் தகுதிகாண்பதற்கான வழிகளில் ஒன்று, மிக நல்ல வழி. ட்ரையல் ரன், பைலட் சோதனை என்பவற்றுக்கு அதையே வைப்போம். எல்லா வகைத் தகுதிகாணலுக்கும் அதை நீட்ட முடியாது. நம் ஊரில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியையே பாருங்கள். உலோகம் அரிப்பைத் தாங்குமா என்று உப்புநீரைப் பனிபோலத் தெளிக்கும் உப்புமூட்ட அறையில் வைத்துப் பார்ப்பது ஒரு முறை. ஐந்து சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி வெப்பம் என்று எல்லாமே வரையறுத்தது. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் கடற்காற்று படும்படி தகடுகளைச் சட்டத்தில் பொருத்தி, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விட்டுப் பார்ப்பது இன்னொரு முறை. இரண்டாவதை வெள்ளோட்டம் என்றால் ஒட்டாது. அங்கே எதுவும் ஓடவில்லை. தகுதிகாணல் என்றால் ஒட்டுகிறது.

படிவத்துக்கு வருகிறேன். 630001 என்று நான் காரைக்குடி அஞ்சல் குறியீட்டை அடிக்கிறேன். ஆறு இலக்கம் இருக்கிறது, எழுத்து எதுவும் கலக்கவில்லை என்று கணினி ஒத்துக்கொள்கிறது. இது விதியோடு ஒப்பிடுவது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் என்ன பெயர் வைத்திருந்தாலும் செயலின் இயல்பு சரிபார்ப்பு. நான் அதை 'உள்ளீட்டுச் சரிபார்ப்பு' என்றே எழுதுவேன். ஆங்கிலத்தில் ஒரு சொல் இரண்டு வேலை பார்த்தால் தமிழிலும் ஒன்றே இரண்டு வேலை பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கலைச்சொல் செய்யும்போது சொல்லைப் பார்ப்பதைவிடச் செயலைப் பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

மருந்துத் தொழிற்சாலை பற்றிய தடைதான் உண்மையிலேயே என்னை யோசிக்க வைத்தது. இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். நீங்கள் சொல்கிற குவாலிஃபிகேஷனுக்குள் மூன்று படி உண்டு அல்லவா? இயந்திரம் வரைபடத்தில் உள்ளபடி நிறுவப்பட்டிருக்கிறதா என்பது முதல் படி. குறித்த வெப்பம், வேகம் என்ற எல்லைக்குள் இயங்குகிறதா என்பது அடுத்தது. உண்மையான மூலப்பொருளை, வழக்கமான உற்பத்தி நிலையில் போட்டு, தொடர்ந்து ஒரே தரத்தில் மருந்து வருகிறதா என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் 'நிறுவல் சரிபார்ப்பு', 'இயக்கச் சரிபார்ப்பு' என்று சொன்னால் என்ன குறையும்? மூன்றாவதை 'செயல்நிலைத் தகுதிகாணல்' எனலாம். மூன்றையும் சேர்த்துச் சொல்ல 'கருவித் தகுதிப்பாடு' என்று ஒன்று வைக்கலாம். தகுதிப்பாடு நிலையைச் சொல்கிறது, தகுதிகாணல் செயலைச் சொல்கிறது, முட்டிக்கொள்ளாது. உங்கள் பழைய பதிவேட்டு வாக்கியங்கள் நான்கைந்தை இந்தச் சொற்களில் மாற்றி எழுதிப் பார்த்து, எது இடறுகிறது என்று சொல்லுங்கள் அக்கா. அந்த இடத்தில் நீங்கள் சொல்வதே முடிவு.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. சரிபார்க்கிற கருவியே பிழையாக இருந்தால்? 1990-இல் ஏவிய ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடியை மிக நுட்பமாகத்தான் இழைத்தார்கள். ஆனால் அதன் வளைவைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தள்ளியிருந்தது. ஆடி நுட்பமாகத் தப்பிப்போனது. வேறு சோதனைக் கருவிகள் பிழையைக் காட்டியும், அவை அவ்வளவு துல்லியமில்லை என்று தள்ளிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தினார்கள். அளவுகோலையே அளக்கிற இந்த வேலைக்கு, அதாவது காலிப்ரேஷனுக்கு, 'அளவுத்திருத்தம்' என்று எழுதுகிறோம். திருத்துவதற்கு முன் ஒப்பிடுவதுதான் அதில் முக்கியமான வேலை, அது இந்தச் சொல்லில் வரவில்லை. கடைத் தராசுக்கும் படிக்கற்களுக்கும் முத்திரை வைக்கிறார்களே, அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கிறேன். அதைத் தனி இழையில் பேசலாம்.

அந்தக் கானாடுகாத்தான் வீட்டுக்கு மிதவையை மாற்றி, உப்புப் படியாத வகை ஒன்றைப் பொருத்திவிட்டோம். கையால் போடும் சுவிட்சும் வைத்தாயிற்று. தாளில் இப்போது இரண்டு கட்டம். 'சரிபார்த்தது' என்ற கட்டத்தில் தேதி இருக்கிறது. 'தகுதிகண்டது' என்ற கட்டம் காலி. வைகாசியில் படைப்புக்கு வீடு திறக்கிறார்கள். நாங்கள் ஒரு நாள் முன்பாகவே போய் நிற்கப்போகிறோம்.