மனச்சோர்வுச் செயலிக்கு ரீலோட் பரிசு: எதுக்குக் கொடுப்பது?

மலைச்சாரல்:
இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் 40 பேருக்கு 8 கிழமை செயலி ஒன்று கொடுக்கப்போகிறோம். தினம் ஒரு சின்ன வேலை, கிழமைக்கொருதரம் மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 கேள்விகள்; புள்ளி கூடக்கூடச் சோர்வும் கூட. புள்ளி 5 குறைந்தால் போனுக்கு 1,000 ரூபாய் ரீலோட். சரிவருமா?

கருப்பந்தேயிலை:
புள்ளிக்குக் காசு வேண்டவே வேண்டாம். 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. எதை அமுக்கினால் ரீலோட் வரும் என்று சட்டென்று பிடிபட்டுவிடும். 14 போட்டவர் 6 போடுவார், மனசு அப்படியேதான் இருக்கும். கேள்விகளும் கடந்த 2 கிழமையைப் பற்றியவை, அதனால் 2 கிழமைக்கொருதரம் கேட்டால் போதும்.

செய்த காரியத்துக்குக் கொடுங்க. கோயில் வரை நடந்தது, அக்கா வீட்டுக்குப் போய் வந்தது, இதுமாதிரி. செய்த அன்றைக்கே 50 ரூபாய் விழணும். சோர்ந்து கிடக்கிறவருக்கு ரெண்டு மாசம் கழித்து வரும் காசு கண்ணில் படாது. முதல் 4 கிழமை, கிழமைக்கு ஏதாவது 4 நாள். அடுத்த 4 கிழமை, கிழமைக்கு ஒரு நாள் மட்டும். ஆளுக்கு அதே 1,000 ரூபாய்தான். திடீரென்று நிறுத்தினால் பழக்கமும் சேர்ந்து நின்றுவிடும். 'விடாமல் 7 நாள்' என்று மட்டும் வைக்காதீங்க. மூன்றாம் நாள் தவறினவர் 'என்னால எதுவும் முடியாது' என்று செயலியையே அழித்துவிடுவார்.

டிஸ்பென்சரி வாசல்:
9ஆவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் பற்றியது. அதில் 1 விழுந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றைக்கே ஒருத்தர் கூப்பிட்டுப் பேசணும். அந்த ஆள் யார் என்று முடிவாகாமல் செயலியைக் கொடுக்கவே கூடாது. 1926 என்ற மனநல உதவி நம்பருக்கான அழைப்புப் பொத்தான் டேட்டா இல்லாமலும் வேலை செய்யணும்.

லயத்துக்காரி:
லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு போனை மூன்று பேர் பார்ப்பாங்க. ரீலோட் எஸ்எம்எஸ் புருஷன் நம்பருக்குப் போனால் 'இது என்ன காசு?' என்று கேள்வி வரும். எந்த நம்பருக்கு என்று முதலே அவங்ககிட்டயே தனியாகக் கேளுங்க. பூட்டின திரையில் 'மனச்சோர்வு' என்ற சொல் தெரியக்கூடாது. நினைவூட்டல் கொழுந்தை எடைபோட்டு வீடு வந்த பிறகு, இரவு 7 மணிபோல. பெயர்ப் பட்டியல் தோட்ட ஒபிசுக்கோ கங்காணிக்கோ போகவே கூடாது. போனால் ஒருத்தரும் உண்மை சொல்லமாட்டாங்க. வாசிக்கச் சிரமப்படுறவங்களுக்குக் கேள்வியைக் குரலில் பதிந்து கொடுங்க, 'ஒண்ணுலயும் மனசு போகலையா?' என்கிற மாதிரி.

மலைச்சாரல்:
நன்றிங்க. புள்ளிப் பரிசை எடுத்துவிடுகிறோம். கிளினிக் போனால் பஸ் காசைப் பரிசாகக் கொடுக்கலாமா?

கருப்பந்தேயிலை:
பஸ் காசு பரிசில்லை. போவதற்கு முந்தின நாளே கையில் கொடுங்க. போய்வந்த பிறகு தருவோம் என்றால், காசில்லாதவர் போகவே மாட்டார்.