மறு: மறு: 'எல் அண்ட் டி அப்ரெண்டிஸ்' – தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

இழை முழுக்க இப்பதான் படிச்சு முடிச்சேன். ஊழியர்களுக்குப் பயிற்சி குடுத்து வளர்க்கிற 'லேர்னிங் அண்ட் டெவலப்மென்ட்' (L&D) துறைல சேர்ற அப்ரெண்டிஸுக்குத் தமிழ்ப் பேர் தேடுறோம், அதுல L&Dய 'எல் அண்ட் டி'ன்னே ஒலிபெயர்த்து விட்டுடலாம்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க, அது ஆகவே ஆகாதுங்க. தமிழ்ல எழுதினா பாலம் கட்டுற L&T (லார்சன் அண்ட் டூப்ரோ) கம்பெனிக்கும் இதுக்கும் ஒரே எழுத்து, படிக்கிற பையன் ஐடிஐ சர்டிஃபிகேட்ட எடுத்துக்கிட்டு நேரா மணப்பாக்கத்துல இருக்கிற அந்தக் கம்பெனி ஆபீஸ் வாசல்ல போய் நிப்பான் :-)

> அப்ரெண்டிஸுக்குத் தொழிற்பழகுநர்னு ஏற்கனவே நல்ல சொல் இருக்கே, புதுசா எதுக்கு?

நல்ல சொல்தான், மறுக்கல. ஆனா நம்ம ஊர்ல அதைக் கேட்டதும் ஐசிஎஃப், போக்குவரத்துக் கழக டிப்போ இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். இந்தியாவோட 1961 அப்ரெண்டிஸ் சட்டப்படி அப்ரெண்டிஸ்ங்கிறவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி கிடையாது, அதனால சம்பளம்னு இல்லாம உதவித்தொகைதான், காலம் முடிஞ்சா சர்டிஃபிகேட்ட வாங்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான், வேலை குடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல. நாம எழுதுற கட்டுரை இங்கிலாந்து ஏற்பாட்டைப் பத்தினது. அங்க அப்ரெண்டிஸ் முறையான ஊழியர், வேலை ஒப்பந்தம் உண்டு, சம்பளம் உண்டு, ஏற்கனவே அதே ஆபீஸ்ல இருக்கிற நாப்பது வயசுக்காரரும் சேரலாம். 2017 ஏப்ரல்ல இருந்து, வருஷச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டுக்கு மேல போற கம்பெனிங்க அதுக்கு மேல இருக்கிற தொகைல 0.5 சதவீதம் தனி வரியா கட்டணும், அந்தக் காசைப் பெரும்பாலும் அப்ரெண்டிஸ் பயிற்சிக்குத்தான் எடுக்க முடியும், அதனால கட்டின காசு வீணாப் போகக் கூடாதுன்னு இருக்கிற ஆளுங்களையே சேர்த்து விடுறாங்க.

இந்தத் துறைக்கு அது ஏன் முக்கியம்னா, பயிற்சி குடுக்கிற வேலைக்குன்னே படிச்சுட்டு வர்றவங்க ரொம்பக் கம்மி. இன்சூரன்ஸ் கால் சென்டர்ல நல்லா விளக்கமாப் பேசுற சீனியர் ஒருத்தங்க இருப்பாங்க, "புதுசா வந்தவங்களுக்கு நீயே சொல்லிக்குடும்மா"ன்னு மேனேஜர் இழுத்து விடுவாரு, கொஞ்ச நாள்ல கார்டுல 'டிரெயினர்'னு அடிச்சிருக்கும். அதோட நின்னுடும். அடுத்த படி ஏறணும்னா "இந்தப் பயிற்சியால என்ன மாறிச்சு"ன்னு காட்டத் தெரியணும், ஸ்லைடு ஓட்டத் தெரிஞ்சா மட்டும் பத்தாது. டொனால்ட் கிர்க்பேட்ரிக்ங்கிற அமெரிக்கப் பேராசிரியர் 1959லயே இதைப் பிரிச்சு எழுதிட்டாரு, வந்தவங்களுக்குப் பிடிச்சுதா, கத்துக்கிட்டாங்களா, வேலைல செய்றாங்களா, கம்பெனிக்குப் பலன் இருந்துதான்னு. பெரும்பாலான ஆபீஸ்ல முதல் கேள்வியோட, அதாவது கடைசில நீட்டுற ஃபீட்பேக் ஃபார்மோட, கதை முடிஞ்சிடுது (அதுலயும் எல்லாரும் கண்ண மூடிட்டு 'எக்ஸலன்ட்'ல டிக் அடிச்சுட்டு டீக்குப் போயிடுவாங்க).

இந்தத் துறைக்கான லெவல் 3 அப்ரெண்டிஸ்ஷிப் (இங்கிலாந்துத் தகுதிப் படில நம்ம பிளஸ் டூ மாதிரி) இங்கதான் கை குடுக்குது. அந்தச் சீனியர் அம்மாவையே எடுத்துக்கங்க. புது ஆளுங்க கிளெய்ம் ஃபார்ம்ல திரும்பத் திரும்ப ஒரே கட்டத்துலதான் தப்பு பண்றாங்கன்னு கால் ரெக்கார்டிங் கேட்டு, தப்பு ஏன் வருதுன்னு டீம் லீடர்கிட்ட உக்காந்து பேசி, பாதிக்கு வகுப்பே வேணாம், ஸ்க்ரீன்ல ஒரு குறிப்பு போட்டா போதும்னு கண்டுபிடிச்சு, மிச்சத்துக்கு மட்டும் பயிற்சி வச்சு, அப்புறம் மறுபடி ரெக்கார்டிங் கேட்டு எழுதுறாங்க. இது பரீட்சைக்காகப் புனைஞ்சது இல்ல, அவங்க ஆபீஸ் வேலையே அதுதான். கடைசி மதிப்பீட்டுல இந்த புராஜெக்டையும் அவங்க எழுதி வச்ச கற்றல் நாட்குறிப்பையும் வச்சுத்தான் கேள்வி கேக்குறாங்க. அடுத்த இன்டர்வியூவுக்கும் அதே கதைய எடுத்துட்டுப் போகலாம். லெவல் 5 வேற மாதிரி, டைரக்டர் "எனக்கு ஒரு டிரெயினிங் போடு"ன்னு கேட்டா "எதுக்குங்க"ன்னு திருப்பிக் கேக்குற இடம்.

அதனால என் பரிந்துரை: துறைக்குப் 'பணியாளர் கற்றல்', ஏற்பாட்டுக்குப் 'பணிவழிப் பழகல்', ஆளுக்குப் 'பணிவழிப் பழகுநர்'. 'திறன் மேம்பாடு' வேணாம், அது அரசோட திறன் மேம்பாட்டுக் கழகத்தோட போய் ஒட்டிக்கும்.

----------

தம்பி, வணக்கம்.

எங்கட பக்கம் அப்ரெண்டிஸ் எண்டா 'பயிலுனர்' தான், இலங்கையில அதுக்கான அதிகார சபையின்ர பேரிலயே அந்தச் சொல் இருக்கு. நீர் 'பழகுநர்' எண்டு மட்டும் போட்டால் எங்கட பிள்ளையளுக்கு உடன விளங்காது. மற்றது, 'பணிவழி' எண்டு சொல்லேக்க முழுக்க வேலை செய்துகொண்டே படிக்கிறது மாதிரி வருது. நான் இஞ்ச லண்டனில கவுன்சில் ஒண்டில இதே வேலைதான் பாக்கிறன், வழமையான வேலைய விட்டிட்டுப் படிக்கவெண்டு தனி நேரம் குடுக்கவேணும், முந்தி வேலை நேரத்தில 20 சதவீதம், 2022 ஆகஸ்டில கிழமைக்குக் குறைஞ்சது 6 மணித்தியாலம் எண்டு மாத்தினவை, 2025 ஆகஸ்டில அதையும் மாத்திப்போட்டினம். மனேஜர்மார் முதல்ல கை வைக்கிறதும் அந்த நேரத்திலதான், ஆள் பத்தாட்டி "இண்டைக்குப் படிப்ப விடுங்கோ" எண்டுவினம். அதுக்கு ஒரு சொல் இல்லாட்டி உம்மட கட்டுரை அரைவாசிதான்.

----------

அக்கா, நியாயமான பேச்சு. அந்தப் படிப்பு நேரத்துக்கு அங்க 'ஆஃப் தி ஜாப்'னு பேரு, அதை 'வேலைக்கு வெளியே'ன்னு பெயர்த்தா சனிக்கிழமை வீட்டுல உக்காந்து படிக்கிறதுன்னு ஆயிடும், ஆனா அது சம்பள நேரத்துக்குள்ளதான் வரணும். 'பணிநேரக் கற்றல்'னு வைக்கலாமா? மேனேஜர் பிடுங்கினாலும் "இது பணிநேரம்"னு பேர வச்சே வாதாடலாம்.

'பணிவழிப் பயிலுனர்' மாற்றுச்சொல்லா அட்டவணைல சேர்த்துட்டேன், கட்டுரைல முதல் தடவை வர்ற இடத்துல ரெண்டையும் போட்டுடுறேன். லெவல் 5 பதவிக்கு இங்கிலீஷ்ல 'கன்சல்டன்ட் / பிசினஸ் பார்ட்னர்'னு பேரு, அதுக்குக் 'கற்றல் ஆலோசகர்'னு தற்காலிகமா வச்சிருக்கேன், அதுல 'பிசினஸ் பார்ட்னர்'ங்கிற பாதி விட்டுப்போகுது, 'பங்காளி'ன்னு போட்டா சொத்துத் தகராறு மாதிரி இருக்கு. வேற யாருக்காவது தோணினா இந்த இழைலயே எழுதுங்க.